பார்க்கில் இறுகிய பிக்கப்பை இழுத்து முறிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பார்க்கில் (P) இறுகிப்போன பழைய ஓட்டோ கியர் பிக்கப்பை நியூற்றலுக்கு (N) எடுப்பது எப்படி என்று கடந்த இதழின் வாகனக் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிறேக்கை மிதித்துக்கொண்டு லீவரைப் பலமாக இழுத்தால் வந்துவிடும் என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். வரும்தான். லீவரோ, ஸ்ரியரிங்கைத் தாங்கும் கொலத்துக்குள் இருக்கும் பிளாஸ்ரிக் துண்டோ, கேபிளின் நுனியோ கையோடு வரும். வண்டி பார்க்கிலேயே நிற்கும். சின்ன ஃபியூஸ் ஒன்றோடு முடிந்திருக்க வேண்டிய வேலை கொலத்தைக் கழற்றும் வேலையாக மாறும்.

ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் பனி தள்ளவும் புல் வெட்டவும் கட்டட வேலைக்கும் பதினைந்து, இருபது வருடப் பிக்கப்புகளை வைத்திருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறோம்.

லீவரைத் தொடுவதற்கு முன் சில்லைப் பாருங்கள். நியூற்றலுக்கு எடுப்பதென்றால் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட இரும்பை அவிழ்த்து விடுவதென்று அர்த்தம். இங்கே பெரும்பாலான ட்ரைவ்வேக்கள் வீதியை நோக்கிச் சரிந்தவை. பார்க்கிங் பிறேக்கை மிதித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. வருடக்கணக்கில் மிதிக்காத பார்க்கிங் பிறேக்கின் கேபிள், வீதி உப்பில் துருப்பிடித்து, மிதித்தாலும் சில்லுவரை இழுக்காது. பெடல் கீழே போவதால் பிறேக் பிடித்ததாக எண்ணக்கூடாது. ஒரு சில்லின் முன்னும் பின்னும் தடுப்புக் கட்டையைச் சப்பாத்துக் காலால் இறுக்கித் தள்ளிவிடுங்கள். செங்கல் வேண்டாம், நொறுங்கும். நாலுக்கு நாலு மரத்துண்டு போதும். வண்டியின் பள்ளப் பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. இன்னொன்று, எஞ்சின் ஓடாதபோது பவர் பிறேக்கின் உதவி ஓரிரு மிதிக்குத்தான் இருக்கும். அதன்பின் பெடல் கல்லுப்போல் ஆகிவிடும், ஸ்ரியரிங்கும் கனக்கும். உருளத் தொடங்கிய பிக்கப்பை உள்ளே இருந்து நிறுத்தலாம் என்ற நம்பிக்கையில் இறங்க வேண்டாம்.

அடுத்து, லீவரைப் பிடித்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பூட்டுகள் மூன்று உண்டு. திறப்போடு சேர்ந்த ஸ்ரியரிங் பூட்டு ஒன்று. பிறேக் மிதித்தால் மட்டும் விடும் மின்சாரப் பூட்டு ஒன்று. கியர்பெட்டிக்குள் இருக்கும் பார்க்கிங் கொக்கி ஒன்று. "லீவர் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் இந்த மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம், எதுவுமில்லாமல் கேபிள் போயிருக்கவும் கூடும்.

திறப்புப் பூட்டு லேசான விஷயம். முன் சில்லு கேர்ப்பில் முட்டியபடி வண்டியை நிறுத்தியிருந்தால் ஸ்ரியரிங் பூட்டில் பாரம் விழும், திறப்பு திரும்பாது. ஒரு கையால் ஸ்ரியரிங்கை இடமும் வலமும் அசைத்துக்கொண்டு மற்றக் கையால் திறப்பை மெதுவாகத் திருப்பினால் போதும். திறப்பை முறுக்காதீர்கள். பாதித் திறப்பு உள்ளே மாட்டிக்கொண்டால் அது வேறு கதை.

கொக்கிதான் பலரை ஏமாற்றுவது. கியர்பெட்டியின் வெளிச் சுழல்தண்டில் பல்வைத்த சக்கரம் ஒன்று இருக்கிறது. பார்க்கில் போட்டதும் ஒரு இரும்புக் கொக்கி அந்தப் பல்லிடுக்கில் விழுகிறது. சரிவில் நிறுத்தி, பார்க்கிங் பிறேக் போடாமல் காலை எடுத்தால் முழு வண்டியின் பாரமும் அந்தக் கொக்கியில் தொங்கும். பிக்கப்பின் பின்பெட்டியில் உப்பு மூட்டையும் முன்னால் பனி தள்ளும் பிளேட்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அறிகுறி தெளிவானது. பிறேக்கை மிதித்ததும் பூட்டு விடுபடும் "கிளிக்" சத்தம் கேட்கும், லீவரும் ஒரு மயிரிழை அசையும், ஆனால் பசையில் ஒட்டியதுபோல் நிற்கும். இந்த இடத்தில் இழுத்தால் கேபிள்தான் நீளும். செய்ய வேண்டியது, மேட்டுப் பக்கக் கட்டையை மட்டும் சற்று விலக்கி, வண்டியை மேட்டுப் பக்கமாக ஒரு அங்குலம் நகர்த்திப் பாரத்தை எடுப்பது. சமதரைக்குக் கிட்டவென்றால் இரண்டு பேர் பள்ளப் பக்கத்துக்குப் போகாமல் கதவு நிலையில் நின்று தள்ளலாம். சரிவு கூடினால் மேட்டுப் பக்கம் இன்னொரு வாகனத்தை விட்டு, பட்டியால் மெல்ல இழுக்க வேண்டும். இழுவை விழும் அந்தக் கணத்தில், பிறேக்கில் இருந்து காலை லேசாக விட்டு மீண்டும் மிதித்து, லீவரை எடுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் வரும். கொக்கி விடுபட்ட சத்தம் அது, பயப்பட வேண்டாம்.

இது வராமல் இருக்க நிறுத்தும் ஒழுங்கை மாற்றினால் போதும். காலால் பிறேக், லீவர் நியூற்றலில், பார்க்கிங் பிறேக், பிறகு காலை எடுத்து வண்டியை அதன்மேல் சாயவிட்டு, கடைசியாகப் பார்க். பாரத்தைப் பிறேக் தாங்கும், கொக்கி வெறுமனே விழுந்து கிடக்கும்.

இனி மின்சாரப் பூட்டு. 1980களின் நடுவில் அமெரிக்காவில் அவுடி 5000 கார்கள் தானாகப் பாய்கின்றன என்று பெரும் சர்ச்சை எழுந்தது. பிறேக்கை மிதிக்காமல் பார்க்கில் இருந்து எடுக்க முடியாத பூட்டை 1987 இல் அந்தக் கார்களில் பொருத்தினார்கள். பிறேக் என்று நினைத்து அக்ஸிலரேற்றரை மிதித்ததே பெரும்பாலான சம்பவங்களுக்குக் காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனம் 1989 இல் முடிவு சொன்னது. ஆனாலும் பூட்டு நிலைத்துவிட்டது. 1990களில் பிக்கப்புகளுக்கும் ஒவ்வொன்றாக வந்தது. 2010 செப்ரெம்பர் 1 முதல் அமெரிக்காவில் புதிய ஓட்டோ கியர் வாகனங்களுக்கு அது சட்டமாயிற்று. 1980களின் பிக்கப் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. அவருடைய வண்டியில் பெரும்பாலும் இந்தப் பூட்டே இருக்காது. ஆகவே ஃபியூஸைத் தேடி நேரம் கழிக்காமல் கொக்கியையும் கேபிளையும் பார்க்கலாம்.

இந்தப் பூட்டில் இரண்டு சாதி உண்டு என்பதைப் பல திருத்துநர்களே யோசிப்பதில்லை. ஒரு சாதியில் மின்சாரம் வந்தால் பூட்டும், மின்சாரம் நின்றால் விடும். பழைய போர்ட், செவி (செவ்ரொலே), ஜிஎம்சி பிக்கப்புகளில் ஸ்ரியரிங் கொலத்தில் லீவர் உள்ளவை பல இப்படித்தான். மற்றச் சாதியில் மின்சாரம் வந்தால்தான் விடும், இல்லையென்றால் பூட்டியபடியே இருக்கும். டொயோட்டா போன்றவற்றின் தரை லீவர்கள் இந்த வகை. பற்றரி செத்த வண்டி ஏன் ஒன்றில் லேசாக நியூற்றலுக்கு வருகிறது, இன்னொன்றில் அடம் பிடிக்கிறது என்பதற்கு விடை இதுதான்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். திறப்பை ஓன் நிலையில் வைத்து, பிறேக்கை மிதித்து, பின்னால் பிறேக் லைற் எரிகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் இரவில் கராஜ் கதவில் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்தால் போதும். லைற் எரியவில்லையென்றால் பாதி வேலை முடிந்தது: ஃபியூஸ், அல்லது பெடல் கையின் மேல் நுனியில் இருக்கும் பிறேக் லைற் சுவிச். ஃபியூஸ் எத்தனையாம் இலக்கம், எத்தனை அம்பியர் என்பது மூடியின் உட்பக்கத்திலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். அந்த அம்பியரையே போடுங்கள். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் பெரியது போட்டால் அடுத்து எரிவது வயர்.

போர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறேக் மிதித்த செய்தி பூட்டுக்குப் போவதும் அந்த லைற் வழியாகத்தான். ஃபியூஸ் போனால் பூட்டு பிறேக்கையே அறியாது. ஃபியூஸை அடிக்கடி எரிப்பது பெரும்பாலும் வண்டிக்கு உள்ளே இல்லை, பின் பம்பரில் தொங்கும் ட்ரெய்லர் பிளக்தான். உப்புத் தண்ணீர் புகுந்து, ஊசிகளில் பச்சையாகப் பாசிபோல் படிந்து, பிறேக் வயர் உடம்பு இரும்போடு சேர்ந்துவிடும். புது ஃபியூஸ் போட்டுப் பிறேக்கை மிதித்த உடனே அது மீண்டும் போனால், முதலில் அந்தப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

செவியில் கதை சற்று வேறு. அங்கே பிறேக் லைற் எரிந்தாலும் பூட்டு விடாமல் இருக்கலாம். சுவிச்சுக்குள் லைற்றுக்கு ஒரு தொடுப்பும் பூட்டுக்கு இன்னொரு தொடுப்பும் தனித்தனியே இருக்கின்றன. லைற் நல்லது, ஆகவே சுவிச் நல்லது என்று முடிவு கட்டக்கூடாது. பெடலைக் காலால் மேலே இழுத்து விட்டு மீண்டும் மிதித்ததும் பூட்டு விட்டால் சுவிச் இடம் மாறியிருக்கிறது. தரை லீவர் வண்டிகளில் பூட்டின் எதிரி வேறு: கப்பில் இருந்து ஊற்றுப்பட்ட சீனிக் கோப்பி. "டபுள் டபுள்" காய்ந்தால் பூட்டின் ஊசி பாகில் விழுந்த ஈபோல் நின்றுவிடும்.

ஃபியூஸும் சுவிச்சும் கையில் இல்லை, வண்டியை இப்போதே எடுக்க வேண்டும் என்றால் தயாரிப்பாளரே ஒரு வழி வைத்திருக்கிறார். 1997 முதல் 2003 வரையான கொலம் லீவர் போர்ட் எஃப்-150 இல் கருவியே வேண்டாம். பார்க்கிங் பிறேக்கைப் போட்டு, திறப்பை லொக் நிலைக்குக் கொண்டுபோய் வெளியே எடுங்கள். மீண்டும் போட்டு ஓஃப் வரை மட்டும் திருப்புங்கள். லொக்குக்கு அடுத்த கிளிக் அது, ஸ்ரியரிங் விடுபட்டிருக்கும், மின்சாரம் வந்திராது. பிறேக்கை மிதித்து லீவரை நியூற்றலுக்கு இழுங்கள். எஞ்சினை நியூற்றலிலேயே ஸ்ராட் பண்ணலாம். அந்தக் காலத்துச் செவி, ஜிஎம்சி கொலம் லீவர்களிலும் இதே தத்துவம்தான், லொக்குக்கு அடுத்த நிலைக்கு மொடலைப் பொறுத்து ஓஃப் என்றோ ஏசிசி என்றோ பெயர் இருக்கும். பலர் தடுமாறுவது ஒரே இடத்தில். திறப்பை ஓன் வரை கொண்டுபோய் வைத்துக்கொண்டு இழுக்கிறார்கள். மின்சாரம் வந்ததும் பூட்டும் சாதிக்கு அது தலைகீழ் வைத்தியம்.

2010 ஐ ஒட்டிய ஆண்டுகளின் கொலம் லீவர் றாம் பிக்கப்புக்கு ஒரு சின்னத் திருப்புளி வேண்டும். பார்க்கிங் பிறேக், ஸ்ரியரிங்கை உச்சிவரை மேலே சாய்த்தல், திறப்பு ஏசிசியில் அல்லது ஓனில், எஞ்சின் ஓடாமல். கொலத்தின் அடிப்பக்கத்தில் வளையம்போட்ட சிறிய துவாரம் தெரியும். பிறேக்கை மிதித்தபடி திருப்புளியை அதற்குள் விட்டு, உள்ளே இருக்கும் நெம்பை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டே லீவரை நியூற்றலுக்கு எடுக்க வேண்டும். டொயோட்டா டகோமாவின் தரை லீவருக்குப் பக்கத்தில் நகம் அளவான மூடி ஒன்று உண்டு. தட்டைத் திருப்புளியின் நுனியில் துணி சுற்றி அதை நெம்பினால் உள்ளே பொத்தான். பிறேக்கை மிதித்து, பொத்தானை அமத்தியபடி லீவரை எடுங்கள். மூடியைத் தொலைக்காதீர்கள், அந்த ஓட்டையால்தான் அடுத்த கோப்பி இறங்கும்.

றாம் பற்றிச் சொல்லும்போது 2017 டிசெம்பர் திருப்பியழைப்பையும் சொல்ல வேண்டும். 2009 முதல் 2017 வரையான கொலம் லீவர் றாம்கள் ஏறத்தாழ 18 இலட்சத்தை நிறுவனம் திருப்பியழைத்தது. பார்க்கில் வைத்துக்கொண்டே நெடுநேரம் பிறேக்கை மிதித்தபடி இருந்தால் பூட்டின் ஊசி சூட்டில் திறந்தபடி இறுகி, பிறேக் இல்லாமலே லீவர் வந்துவிடும் என்பதே குற்றம். வாசகரின் பிரச்சினைக்கு நேர் எதிரான பழுது, ஆனால் அதே சின்னப் பகுதி. பாவித்த றாம் வாங்கியவர்கள் சஸி இலக்கத்தைக் கொடுத்து, அந்த வேலை செய்யப்பட்டதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

லீவர் தளதளவென்று எல்லா இடத்துக்கும் போகிறது, வண்டி மட்டும் பார்க்கில் நிற்கிறது என்றால் பூட்டைக் குறை சொல்ல வேண்டாம். கேபிள் நுனியின் பிளாஸ்ரிக் கழன்றிருக்கிறது. கியர்பெட்டியின் பக்கத்தில் உள்ள கைநெம்பில் பந்துபோன்ற ஆணியில் அது மாட்டியிருக்க வேண்டும். வண்டியின் கீழே போக வேண்டிய வேலை இது. கட்டைகள் இரு பக்கமும் இறுகியிருக்க வேண்டும், வண்டியைத் தூக்கினால் ஸ்ராண்டில் இருத்த வேண்டும், ஜக்கை மட்டும் நம்பி எவரும் கீழே போகக்கூடாது. கைநெம்பு ஒரு பக்கத்தின் கடைசிவரை போய் நிற்கும் இடம் பார்க். அங்கிருந்து ஒரு கிளிக் ரிவேர்ஸ், இரண்டாவது கிளிக் நியூற்றல். பி, ஆர், என் என்று எண்ணிக்கொண்டே தள்ளுங்கள். மைனஸ் 20 இல் கேபிள் உறைக்குள் தண்ணீர் உறைந்தாலும் லீவர் அசையாது. சுடுதண்ணீர் ஊற்றினால் அரை மணித்தியாலத்தில் அதுவும் சேர்ந்து உறையும். தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடு போதும்.

நாலு சில்லும் இழுக்கும் பிக்கப்பில் தரையில் இரண்டாவது லீவர் இருந்தால், மேலே சொன்ன எதுவுமே வேண்டியிராது. 2எச், 4எச், என், 4எல் என்று எழுதியிருக்கும் அந்த லீவரை "என்" (N) நிலையில் போட்டுவிட்டால், கியர்பெட்டி பார்க்கில் இருந்தாலும் சில்லுகள் சுதந்திரமாக உருளும். மின்சாரமும் வேண்டாம், பிறேக் சுவிச்சும் வேண்டாம். கொக்கியில் பாரம் இருந்தால் இந்த லீவரும் இறுகும், அப்போது முன்பு சொன்னபடி மேட்டுப் பக்கம் ஒரு அங்குலம். பொத்தான் அமத்தும் வகைக்கு இது சரிவராது. அதற்கு மின்சாரமும், பெரும்பாலும் கியர்பெட்டி நியூற்றலும் வேண்டும். இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள். இரண்டாவது லீவர் தவறுதலாக "என்" நிலையில் நின்றால் பார்க் வண்டியைப் பிடிக்காது.

எதுவும் சரிவராதபோது ரோ ட்ரக் ஆட்கள் பின் ஷாஃப்டை, அதாவது கியர்பெட்டியின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டை, இறக்குவார்கள். பின் அச்சுப் பக்கத்தில் நான்கு போல்ற். எஃப்-150 இல் பன்னிரண்டு முனை கொண்ட 12 மில்லிமீற்றர் சொக்கெற் வேண்டும், செவியில் பட்டிகளைப் பிடிக்கும் 11 மில்லிமீற்றர் போல்ற்கள். பார்க்கில் இருப்பதால் ஷாஃப்டைச் சுழற்ற முடியாது, மேல் இரண்டு போல்றுக்கும் கையை வளைத்துத்தான் போக வேண்டும். கழற்ற முன் ஷாஃப்டிலும் அச்சிலும் பெயின்ற் கோடு ஒன்று போடுங்கள். செவியில் பட்டி கழன்றதும் பெயரிங் மூடிகள் விழுந்து ஊசிகள் சிதறும், முதலே ரேப் சுற்றிவிடுங்கள். முன் நுனியைக் கியர்பெட்டியில் இருந்து உருவ வேண்டாம், எண்ணெய் ஊற்றும். பின் நுனியைக் கம்பியால் கட்டித் தூக்கிவிட்டால் போதும். சரிவில் நிற்கும் வண்டியில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். ஷாஃப்ட் கழன்ற கணத்தில் வண்டியைப் பிடித்திருக்கும் கொக்கிக்கு வேலை இல்லாமல் போகும், நீங்கள் அதன் கீழே படுத்திருப்பீர்கள்.

நியூற்றலுக்கு வந்தும் நகரவில்லையென்றால் கியர்பெட்டியை விட்டுவிடுங்கள். குளிர்காலம் முழுக்கப் பார்க்கிங் பிறேக்கோடு நின்ற வண்டியில் பின் டிரம்முக்குள் பிறேக் ஒட்டியிருக்கும். சில்லைக் கழற்றி டிரம்மின் ஓரத்தைச் சுற்றிச் சுத்தியலால் தட்ட வேண்டும்.

பின் சில்லு தரையில் உருள இழுத்துச் செல்வதற்கும் எல்லை உண்டு. எஞ்சின் ஓடினால்தான் கியர்பெட்டிக்குள் எண்ணெய் பம்ப் ஓடும். அந்தக் காலத்துப் போர்ட் புத்தகங்கள் மணிக்கு 56 கிலோமீற்றர் வேகம், 80 கிலோமீற்றர் தூரம் என்று வரம்பு போட்டன. அதற்கு மேலென்றால் வண்டியை முழுதாக ஏற்றிப் போகும் பிளாற் பெட்.

கடைசியாக ஒன்று. பூட்டின் நெம்பை வயர் பட்டியால் நிரந்தரமாகக் கட்டிவிடும் "வைத்தியம்" சில இடங்களில் நடக்கிறது. திறப்பு மாட்டியிருக்கும் வண்டியில் ஏறி விளையாடும் பிள்ளை லீவரை இழுக்கக் கூடாது என்பதற்காகவும் வைத்த பூட்டு அது. ஃபியூஸ் போய் இறுகிய வண்டியென்றால் நியூற்றலில் ஸ்ராட் பண்ணி வீட்டுக்கு ஓட்டவும் கூடாது, பின்னால் வருபவருக்கு உங்கள் பிறேக் லைற் தெரியாது. இந்தக் கடிதத்தை அடுத்த இதழிலேயே, அந்தப் பதிலுக்குத் திருத்தமாக, அதே பகுதியில் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பழைய பிக்கப்புகளைத் திருத்தும் சிலர்,
ஸ்காபரோ.